சும்மாதான் இருந்தாரா?



பாராட்டு விழா யாருக்கு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. நான் பெயர் சொல்ல மாட்டேன். புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் அவர்.

நம் விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். அதற்கு முன்னாலேயே கடலூருக்குப் பஸ் ஏறிப் போய் சீனியரின் கட்டைத் தூக்கியவர். தனியாக வந்ததும், "எனக்கு விபத்துக் கேஸ் போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். எம்.சி.ஓ.பி. வக்கீல், அதாவது வாகன விபத்து நஷ்டஈட்டு வக்கீல் என்றால் அன்றைக்கு ஓர் இளக்காரம்! ஏன் இளக்காரம்? சென்னை–திருச்சி ரோடு நம்மைத் தாண்டித்தானே போகிறது? உளுந்தூர்பேட்டைப் பக்கம் புருஷனைப் பறிகொடுத்தவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

ரயிலிலிருந்து தவறி விழுந்தவர்களுக்காக ரயில்வே தீர்ப்பாயம் போனார். சாரம் சரிந்து கால் போன கொத்தனாருக்கு 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரித் தவறுகளுக்கு நுகர்வோர் மன்றம். டாக்டர் தொழிலும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதெல்லாம் கிடக்கட்டும், ஒரு கதை சொல்கிறேன்.

மனைவியை லாரிக்குப் பறிகொடுத்த ஒரு விவசாயி கூண்டில் நிற்கிறார். இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கிறார்: "உங்கள் மனைவி வேலைக்குப் போனாரா?" "இல்லீங்க." "வீட்டில் சும்மாதான் இருந்தார்?" "ஆமாங்க." முடிந்தது கேஸ் என்று உட்கார்ந்துவிட்டார். நம் ஆள் எழுந்தார். "வாசல் தெளித்தது யார்?" "அவதாங்க." "மாடு கறந்தது?" "அவதாங்க." "உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டியது?" "அவதாங்க." "இப்போது அந்த வேலைக்கெல்லாம் ஆள் வைத்தாயிற்றா?" "எவ்வளவு கொடுத்தாலும் ஆள் கிடைக்கலீங்க, ஐயா!"

(கைதட்டல்)

தட்டுங்கள், தாய்மார்களே, நன்றாகத் தட்டுங்கள்! 1989-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா விழாப் பந்தல் தீப்பிடித்தது. அந்த வழக்கில் 2001-இல்தான் உச்ச நீதிமன்றம் குடும்பத் தலைவியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. அந்த உழைப்புக்கு வருமானம் கணக்கிட்டே ஆக வேண்டும் என்று 2021-இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடியும்!

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. விபத்தில் இறந்துபோன 28 வயது கொத்தனார், மாதம் 15,000 சம்பாத்தியம், அவரை நம்பி நாலு பேர். நாளைக்கு வருமானம் கூடியிருக்குமே, அதற்கு 40 சதவீதம் சேர்; இது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. 21,000 ஆச்சா? வருடத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழி. அந்த வயதுக்கு 17-ஆல் பெருக்கு. இது 2009 தீர்ப்பு. 32 லட்சம் தாண்டுகிறது, ஐயா! நம் ஆள் இதைப் பேப்பர் இல்லாமல் போடுவார்.

சில பேருக்கு இந்தக் கணக்கு வராது. வேறு கணக்கு வரும்! ஆம்புலன்ஸ் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே வக்காலத்து காத்துக்கொண்டிருக்கிறது. மயக்கம் தெளியாதவன் கட்டைவிரலில் மையைத் தடவி... யார் என்று கேட்காதீர்கள். இந்த ஹாலிலேயே இருந்தாலும் இருப்பார்கள்! ஜெயித்தால் இத்தனை பர்சன்ட் என்று பங்கு பேசக் கூடாது, விளம்பரம் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. அமெரிக்காவில் "அடிபட்டதா? கூப்பிடு" என்று ரோட்டோரம் பெரிய போர்டு வைப்பார்கள், ஜெயித்தால் பங்கும் வாங்குவார்கள். அங்கே சட்டமே அனுமதிக்கிறது. இங்கே போர்டு கிடையாது, புரோக்கர் உண்டு! 32 லட்சத்தில் அந்த விதவை கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று யாராவது கேட்டோமா? நம் ஆள் கேட்டார். கேட்டதற்காக கோர்ட் வராந்தாவில் அவரோடு பேசாமல் போனவர்கள் உண்டு. போகட்டுமே!

நேரமாச்சு என்று சீட்டு வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு வைத்துவிட்டார்கள். கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். காரியம் முடிந்த கையோடு எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், சம்பளத்துக்கு ஏதாவது ஒரு சான்று, மூன்றையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் இதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் போன் நம்பரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மைக்கில் சொன்னால் விளம்பரமாகிவிடும்!