மாண்ட மாடு கூறும் செய்தி



மிருக வைத்தியர் என்றால் நோயுற்ற மாட்டுக்கு மருந்து கொடுப்பவர் என்றே நீங்கள் அறிவீர்கள். எனது உத்தியோக காலத்தின் பெரும்பகுதியோ, இறந்த பிராணிகளைப் பரிசோதித்து மரணத்தின் காரணத்தை அறிவதிலேயே கழிந்தது. மாண்ட மாட்டினால் இனி என்ன பயன் என்று பலர் வினவியதுண்டு. எஞ்சிய மாடுகள் பிழைக்கும் வழி அதனிடத்திலேதான் இருக்கிறது என்பதே எனது விடை.

அடைப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். மாலைவரை நன்றாக மேய்ந்த மாடு விடியுமுன் மாண்டு கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் வடியும். அத்தகைய உடலை அறுத்துப் பார்ப்பது எங்கள் தொழிலிலும் விலக்கப்பட்டதாகும். காதின் இரத்தக்குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்நோக்கியில் நோக்கினால், கோல் வடிவமான கிருமிகள் புலப்படும். உடலை அறுத்தாலோ அவை காற்றுப்பட்டு, கெட்டியான உறையுள்ள வித்துக்களாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். தோலை உரிப்பவரையும் அந்நோய் பற்றும்.

ஆயினும், தோலினால் வரும் சில ரூபாய் ஏழைக் குடியானவருக்கு அற்பமன்று. கறவைப் பசு இறந்த வீட்டிலும் கடன் தவணை இறப்பதில்லை. ஆதலால், மாட்டுக்குக் கடன் கொடுக்கும்போதே சங்கம் அதனை இன்ஷியூர் செய்விக்குமானால், தோலை விட்டுவிட அவருக்கு மனம் துணியும்.

ஊரார் சொல்லும் செய்தி வீண்போகாது என்பதற்கு வெக்கை நோயே சாட்சி. மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்நோய்க்கு, 1920-களில் முக்தேசுவர் ஆராய்ச்சிசாலையில் ஆட்டின் உடலில் பழக்கிய கிருமியைக் கொண்டு தடுப்பு மருந்து உண்டாக்கினர். 1954-ல் இந்திய தேசமெங்கும் ஒழிப்பு வேலை தொடங்கிற்று. ஊசி மட்டும் போதவில்லை. பிற்காலத்தில் கிராமம் கிராமமாகச் சென்று விசாரித்து, நோய் ஒளிந்திருந்த இடங்களைக் கண்டறிய வேண்டியிருந்தது. 1995-க்குப் பின் அது இந்நாட்டில் காணப்படவில்லை. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அடைப்பானோ இன்னும் நம்மிடையே உள்ளது. ஆகவே, மாடு திடீரென மாண்டால் தோலை உரியாதீர்கள், மாமிசத்தைத் தொடாதீர்கள், நாய் நரி அண்டாமல் காவல் வைத்து, உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் இரத்தம் எடுத்தபின், அவர் சொற்படி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்யுங்கள். நோய் கண்ட ஊர்களில் வருஷந்தோறும் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சங்கமே நாள் குறிக்கட்டும்.