பரணிலிருந்து இறங்கும் பெட்டி

மகாளய அமாவாசை நெருங்கினால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது ஏணியைத்தான். வருஷம் முழுக்கப் பரணில் கிடக்கும் கொலுப் பெட்டி கீழே இறங்க வேண்டும். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் மேலே ஏறிப் பெட்டியை நகர்த்த, இன்னொருவர் கீழே நின்று இரண்டு கையாலும் தாங்கி வாங்க, "மெதுவா, மெதுவா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு நவராத்திரி அந்த நிமிஷத்திலேயே தொடங்கிவிடும்.

மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே பழைய வேட்டித் துண்டில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்கள். பிரிக்கும்வரை எதற்குள் யார் என்று தெரியாது. தசாவதார செட்டில் வாமனர் முதலில் வருவார். மச்சம் எங்கோ அடியில் கிடக்கும். பொம்மையைப் பிரிப்பதைவிட, சுற்றியிருந்த பேப்பரைப் படிப்பதில்தான் அண்ணனுக்கு ஆர்வம். அந்த வருஷத்துத் தங்கம் விலையை அவன் சத்தமாக வாசிப்பான். "அப்பவே ரெண்டு சவரன் வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று பாட்டி பெருமூச்சு விடுவார். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சு நடக்கும். அது நடக்காவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

மண் பொம்மையில் முதலில் உடைவது மூக்கு, அடுத்தது விரல். எங்கள் வீட்டுக் கிருஷ்ணனுக்குப் புல்லாங்குழல் எப்போதோ தொலைந்துபோயிற்று. அப்பா ஓர் ஈர்க்குச்சியை அளவாக நறுக்கி, மஞ்சள் வண்ணம் தீட்டி, பசை தடவி ஒட்டினார். இன்றைக்கும் அந்த ஈர்க்குச்சிதான் கிருஷ்ணன் கையில் இருக்கிறது. கடையில் எத்தனையோ அழகான கிருஷ்ணன்கள் இருந்தாலும், இவனை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. பழைய மண் பொம்மை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் கரைந்து வந்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினாலே போதும்.

பிறகு படி கட்ட வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில். இப்போது நட்டு முடுக்கும் இரும்புப் படி கடையில் கிடைக்கிறது, அரை மணியில் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு அப்படி இல்லை. டிரங்குப் பெட்டி, பெஞ்சு, மண்ணெண்ணெய் டின், அரிசி டிரம் என்று வீட்டில் இருப்பதெல்லாம் கூடத்துக்கு வரும். உயரம் சரியாக வராத இடத்தில் பழைய புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுப்போம். மேலே பலகை, அதன்மேல் வெள்ளை வேட்டி, ஓரத்தில் குண்டூசி. அந்தப் பத்து நாளும் அரிசி எடுக்க வேண்டுமென்றால் திண்டாட்டம்தான்.

பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் குழந்தைகளுக்கு நாம் சொல்ல வேண்டும். மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று ஓர் ஊர். அங்கே பல குடும்பங்களுக்கு மண் பொம்மை செய்வதுதான் தொழில். இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி எடுத்து, ஒன்றாக ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, அதற்குப் பிறகுதான் வண்ணம் தீட்டுகிறார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, ஆட்டுக்குட்டிகள். நம் வீட்டுப் படியில் நிற்கும் மீனாட்சியும், டிசம்பரில் பக்கத்து வீட்டுக் குடிலில் இருக்கும் மாதாவும் ஒரே வீட்டுத் திண்ணையில் காய்ந்தவர்களாக இருக்கலாம். இதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறார்கள். கனமே இருக்காது. கை தவறி விழுந்தாலும் மண் பொம்மை மாதிரி சட்டென்று நொறுங்காது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் ஏற்றது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் ஒன்று வாங்கிவிடுங்கள். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படித் தள்ளிவிட்டாலும் எழுந்து நின்றுகொள்ளும். கொலுவில் குழந்தைகள் தாராளமாகத் தொட ஒரு பொம்மையாவது இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் படியை அலங்கரிப்பது பெரியவர்கள். தரையில் இருக்கும் பார்க் முழுக்கக் குழந்தைகள் ராஜ்யம். ஆற்று மணலைச் சலித்துப் பரப்பி, களிமண்ணில் மலை பிடித்து, முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் குளம் ஆக்கி, அதில் இரண்டு வாத்து. வாத்து பெரியதாக இருக்கும், பக்கத்தில் நிற்கும் பஸ் சின்னதாக இருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஒரு வருஷம் என் பெண் மலை உச்சிக்குப் போகும் படிக்கட்டைத் தீப்பெட்டியால் செய்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியையும் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டினாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் டிவி ஓடவில்லை. போடாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

மரப்பாச்சிக்குத் துணி கட்டுவதும் அப்படிப் பொழுது போவது தெரியாத வேலைதான். செம்மரத்தில் கடைந்த ஆண், பெண் ஜோடி. எங்கள் வீட்டு மரப்பாச்சி பாட்டியின் கல்யாணச் சீரோடு வந்தது. கைபட்டுக் கைபட்டு மூக்கும் விரலும் மழுங்கி, மரம் வழவழவென்று ஆகிவிட்டது. ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சிய பட்டுத் துண்டைக் கொசுவம் வைத்துக் கட்ட வேண்டும். கொசுவம் நழுவிக்கொண்டே இருக்கும். நூலால் இறுக்கி, அதன்மேல் ஜரிகைத் துண்டை ஒட்டியாணமாகச் சுற்றினால்தான் நிற்கும். இதைப் பாட்டி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அம்மா எனக்கு, நான் என் பெண்ணுக்கு.

சுண்டலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, வேர்க்கடலை, கடலைப்பருப்பு என்று நாளுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை வந்தால் வெல்லப் புட்டு. முதல் நாள் ராத்திரி ஊறப்போட மறந்தால் மறுநாள் சாயங்காலம் தவிப்புதான். தாளிக்கும்போது பெருங்காயம் தாராளமாக, இறக்கிய பிறகு தேங்காய்த் துருவல், கூடவே பொடியாக நறுக்கிய மாங்காய். சூட்டோடு தொன்னையில் போட்டுக் கொடுத்தால் இன்னொரு கை கேட்காதவர் இல்லை.

இந்தப் பத்து நாளும் வாசல் கதவு திறந்தே இருக்கும். எங்கள் குடியிருப்பில் வருஷம் முழுக்க லிஃப்டில் தலையசைப்பதோடு போய்விடுகிறவர்கள்கூட, கொலு என்றால் உள்ளே வந்து பாயில் உட்காருகிறார்கள். "ஒரு பாட்டுப் பாடேன்" என்றால் குழந்தை அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளியும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகப் பாடும். சுருதி சேராவிட்டாலும் எல்லாரும் கேட்போம். வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு பழம். இன்று இதில் போட்டி புகுந்துவிட்டது. விலை உயர்ந்த பரிசுப் பைகள், ஒவ்வொரு வருஷமும் புதுக் கருப்பொருள், அடுத்த வீட்டைவிட இரண்டு படி அதிகம் என்று போகிறது. அது வேண்டாம் என்பது என் கருத்து. செலவுக்கும் வேலைக்கும் பயந்து கொலுவையே நிறுத்திவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும். மூன்று படியும் ஒரு கிண்ணம் சுண்டலும் தாராளம்.

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்த பிறகு, ஒரு பொம்மையை மட்டும் மெல்லப் படுக்கவைப்போம். பெரும்பாலும் மரப்பாச்சிதான். என் பெண் சின்னவளாக இருந்தபோது, அதற்குக் கைக்குட்டையைப் போர்த்திவிட்டுத் தானும் பக்கத்தில் தரையிலேயே தூங்கிப்போனாள்.

நேயர்களே, உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருந்தால் இந்த வருஷம் இறக்குங்கள். கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீடு என்றால், குழந்தையை அழைத்துக்கொண்டு கொலு இருக்கும் வீட்டுக்குப் போய்வாருங்கள். பார்க் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். கேழ்வரகையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போதே மண்ணில் தூவித் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கொலு வைக்கும் நாளில் பச்சை எழுந்து நிற்கும்.