பிஜித்தீவில் தமிழர் சுவடுகள்
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பிஜி என்றவுடன் தென்னையும் கடற்கரையும்தான் எங்கட நினைவுக்கு வரும். நான் போய்ப் பார்த்தது வேறொரு பிஜி.

முதலில் லெவுகா. ஓவலாவு தீவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பழைய பட்டினம். 1874இல் பிஜியைப் பிரித்தானியாவுக்கு எழுதிக் கொடுத்தது இங்கேதான். 1882இல் தலைநகர் சுவாவுக்கு மாறியது. பழைய மரக்கட்டடங்கள் இன்னும் வரிசையாய் நிற்கின்றன. 2013இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பிஜியில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது லெவுகாவுக்கே.

1879 மே மாதம் 'லியோனிடாஸ்' கப்பல் இந்தியக் கூலிகளை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் இந்தத் துறைக்குத்தான். அது கல்கத்தாக் கப்பல். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1916 வரை வந்த 60,000க்கு மேற்பட்டோரில் கால்வாசிப்பேர் தென்னாட்டவர். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மித்' ஆயிற்று. கரும்புத் தோட்டத்தில் அந்தப் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியது உங்களுக்குத் தெரியும்.

நாடி நகரில் பெரிய தெரு முடியுமிடத்தில் சிவசுப்பிரமணியர் கோயில். 1994இல் குடமுழுக்குக் கண்டது. தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவேலை. வாசலில் ஓர் அம்மாவிடம், "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு இந்தியில் பதில் சொன்னா. முருகன் பேர் மட்டும் தமிழில் வந்தது.

அவர்கள் சும்மா இருந்தவர்கள் அல்ல. 1926இலேயே சாது குப்புசாமி தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள், இன்றும் நடக்கின்றன. அப்படியிருந்தும் பெரும்பாலான வீடுகளில் பேச்சு இந்தியாகிவிட்டது. கோயில் நின்றது, தீமிதிப்பு நின்றது, வீட்டுத் தமிழ் நிற்கவில்லை.

சுவாவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் அந்தக் கூலிகளின் குடியகல்வுச் சீட்டுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. வெள்ளைக்காரன் தன் கணக்குக்கு எழுதிய சீட்டுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் தங்கள் கிராமத்தைத் தேடிப் போகிறார்கள்.

எங்களில் எத்தனை பேரிட்டை அப்படி ஒரு துண்டு இருக்கு? உடுத்த உடுப்போடை ஓடி வந்தனாங்கள். இண்டைக்கு இரவு ஒரு கொப்பியை எடுங்கோ. ஊர், அப்பா பேர், அப்பு பேர், வந்த திகதி, எல்லாத்தையும் எழுதி வையுங்கோ. நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையள் எழுதட்டும். தமிழிலை எழுதட்டும்.