நோயற்ற நாளிலும் காவல் வேண்டும்

(வன்னிப் பகுதியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அரசியல் மேடையிலே காய்ச்சலைப் பற்றிப் பேசுவதேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வைத்தியர் சொல்லவேண்டியதை வழக்கறிஞர் சொல்வதேன் என்றும் கேட்கக்கூடும். தொற்றுநோய் ஒருவரின் உடலில் நிற்கும்வரை அது வைத்தியரின் பொறுப்பு. அது ஓர் ஊரைப் பற்றும்போதோ நீர், வயல், கூலி, சட்டம், வரிப்பணம் ஆகிய யாவும் அதனோடு வந்து சேர்கின்றன. அந்த இடத்திலே அது அரசியலாகிவிடுகிறது. இவ்வுண்மைக்கு மலேரியாவின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இந்நாட்டில் இல்லை.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமிழந்து குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. பரம்பரையாக மலேரியாவோடு வாழ்ந்த வரண்ட பிரதேச மக்களின் உடலில் அதனை ஓரளவு தாங்கும் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் பகுதிக் கிராமங்கள் பலவற்றில் அஃதில்லை. சில மாதங்களுள் பல இலட்சம் பேர் படுக்கையில் வீழ்ந்தனர். 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அன்று நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 55 இலட்சமே.

அவர்களைக் கொன்றது கிருமி மாத்திரமா? பஞ்சத்தால் மெலிந்த உடலே முதலில் வீழ்ந்தது. ஆகவேதான் நிவாரணத்துக்குச் சென்ற இளைஞர் கொயினாவோடு பருப்பையும் மாமைற்றையும் கொண்டு சென்றனர். அவர்களுள் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் இருந்தனர். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவான்வெல்ல, அவிசாவளைத் தொகுதி மக்கள் அவ்விருவரையும் அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1931இல் வாக்குரிமை பெற்ற ஏழைமக்கள், தம் காய்ச்சலுக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை ஐந்தாண்டுகளில் உணர்ந்துகொண்டனர் என்பதே இதன் பொருள்.

இனி, இந்நோய் பரவும் வழியைச் சற்று நோக்குவோம். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் என்னும் வைத்தியர் மலேரியாக் கிருமியை நுளம்பின் வயிற்றிலே கண்டார். அதன் பின்னரே நோயின் பாதை தெளிவாயிற்று. பெண் நுளம்பு நோயாளியைக் கடித்துக் குருதியோடு கிருமியை உறிஞ்சுகிறது. ஆயினும் உடனே அது பிறருக்கு நோயைக் கொடுப்பதில்லை. கிருமி அதன் உடலில் முதிர்வதற்குப் பத்து நாள் அளவிலாவது வேண்டும். நுளம்பின் ஆயுளோ சில வாரங்களே. எனவே நாட்டிலுள்ள நுளம்பு முழுவதையும் அழிக்கவேண்டியதில்லை. கிருமி முதிருமுன் நுளம்பு இறந்தாற் போதும். குருதி குடித்த நுளம்பு வீட்டுச் சுவரிலே தங்கி இளைப்பாறும். அச்சுவரில் மருந்து தெளித்தால் சங்கிலி அறுகிறது. நோயாளியை விரைவில் கண்டு மருந்து கொடுத்தாலும், வலைக்குள் உறங்கினாலும் அதே சங்கிலி வேறிடத்தில் அறுகிறது.

இவ்வறிவைக் கொண்டு நாடு பெற்ற வெற்றி பெரிது. 1946ஆம் ஆண்டில் ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியா நோயாளர் பதிவாகினர். சுவர்தோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் பதிவானோர் 17 பேர் மாத்திரமே!

அந்தப் பதினேழே நம்மை ஏமாற்றிய எண். நோய் ஒழிந்தது என எண்ணித் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கிற்று. சேனைக்கும் குழிவேலைக்கும் சென்று திரும்பியோர் கிருமியை ஊருக்கு ஊர் கொண்டுசென்றனர். 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. அதற்குள் நுளம்பும் டி.டி.ரி.யைத் தாங்கப் பழகிவிட்டது. 1970களில் மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. ஆறேழு ஆண்டு மறதிக்கு நாடு பல பத்தாண்டுகள் விலை கொடுத்தது.

அவ்விலையின் பெரும்பங்கு பின்னர் நம் தலையிலே விழுந்தது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கு மாவட்டங்களே மலேரியாவின் இருப்பிடமாயின. 1995 ஒக்டோபரில் குடாநாட்டைவிட்டுப் புறப்பட்டு வன்னிக்கு வந்தோருள் எத்தனையோ பேர், கூரையின்றி மரநிழலிலே கிடந்து குளிர்காய்ச்சலில் நடுங்கியதை இங்குள்ளோர் அறிவர். சுவரில்லாத குடிசையில் மருந்து தெளிப்பது எங்ஙனம்? ஆயினும் அப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. போர்முனையின் இருபுறத்திலும் ஊழியர் இரத்தம் பரிசோதித்தனர், மருந்து கொடுத்தனர், வலை கொடுத்தனர். அவ்வுழைப்பின் பயனாக, 2012 ஒக்டோபருக்குப் பின் இம்மண்ணிலேயே தொற்றிய மலேரியா காணப்படாமற் போயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. அந்தப் பெருமையில் வன்னியின் பெயரறியா ஊழியருக்கும் பங்குண்டு.

அப்படியாயின் இன்று நாம் அஞ்சுவதென்ன? கிருமி போயிற்று, நுளம்பு போகவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் திரும்பும் பிரயாணிகளின் இரத்தத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கிறது. மேலும், 2016ஆம் ஆண்டின் இறுதியில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் புதிய நுளம்பினம் மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பழைய இனம் ஆற்றுக்குட்டையை நாடும். இப்புதிய இனமோ கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். வளவுதோறும் கிணறுடைய நம் மக்களுக்கு இதைவிடக் கூறவேண்டிய எச்சரிக்கை வேறில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. நுளம்பு பெருக இடங்கொடுப்பதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. வளவுக்காரரை நீதிமன்றத்துக்கு இழுக்க அச்சட்டம் போதும். ஆனால் பரிசோதகர் வராத ஊரில், தண்டம் அறவிடும் சட்டம் நோயைத் தடுக்குமா? மக்களுக்குக் கடமையை விதிக்கும் அரசு, தன் கடமையையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சுகாதார நிருவாகத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்கு அளித்தது; தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. நுளம்பு எந்த வர்த்தமானிக்கும் காத்திராது. நம் ஊரின் காய்ச்சலுக்கு நம் வாக்கைப் பெற்றவர் பதில் சொல்லவேண்டும் என்று கேட்பது பிரிவினையன்று. 1936இல் ருவான்வெல்ல மக்கள் கேட்டதும் இதுவே. நோய்க்கு மொழியில்லை, அதனைத் தடுக்கும் அறிவித்தலுக்கு மொழி உண்டு. தாய்க்கு விளங்காத துண்டுப்பிரசுரம் பிள்ளையைக் காக்காது.

ஆகவே நாம் அரசிடம் மூன்றைக் கேட்போம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பதவிகள் வெற்றிடமின்றி நிரப்பப்பட வேண்டும். அறிவித்தல்களும் படிவங்களும் நல்ல தமிழில் வரவேண்டும். நோயாளர் இல்லாத ஆண்டிலும் நோய்த்தடுப்புப் பணிக்குரிய பணம் குறைக்கப்படலாகாது. 1963இன் பாடம் அதுவே.

நம்மிடமும் மூன்றைக் கேட்போம். கடல்கடந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், தாம் சென்ற நாட்டை வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். பாவனையற்ற கிணற்றை மூடவேண்டும். பாவிக்கும் கிணற்றில், பரிசோதகரின் ஆலோசனைப்படி, நுளம்புக் குடம்பியை உண்ணும் மீனை விடவேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு இடைவெளியற்ற மூடி இடவேண்டும்.

கமக்காரப் பெருமக்களே! விளைந்த வயலைக் காவல் செய்வது உங்கள் வழக்கம். பன்றி ஓரிரவு வரவில்லையென்று மறுநாள் காவற்குடிலைப் பிரிப்பவர் உங்களில் எவருமிலர். அந்த விவேகத்தையே ஊர்ச் சுகாதாரத்திலும் காட்டுவோம். ஆள்வோரிடமிருந்தும் அதனைக் கேட்டுப் பெறுவோம்.