குழாய்த் தண்ணியில ஒரு 'கன்ட்ரோல் எஃப்'

அடையார்ல இருந்து ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போறவங்க எல்லாரும் தரமணியைத் தாண்டித்தான் போறோம். அங்கதான் சென்னைப் பல்கலைக்கழகத்தோட அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கு. 2010-ல 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழ்ல வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு ஆய்வோட முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போ இந்த நிறுவனத்துல இருந்தவர். விஷயம் என்டிஎம்-1. கார்பபெனெம்னு ஒரு ஆன்டிபயாட்டிக் வகை. மத்த மருந்தெல்லாம் கைவிட்டா டாக்டர்கள் எடுக்கறது. அதையே உடைச்சுப் போடற என்சைம் இது. சென்னை நோயாளிகள்கிட்ட எடுத்த கிருமிகள்ல மட்டும் 44-ல அந்த மரபணு இருந்தது.

பேர்ல 'நியூ டெல்லி' இருக்குன்னு அரசாங்கம் கோபப்பட்டுச்சு. அந்தச் சண்டை எனக்குச் சுவாரசியமா இல்ல. ஆஸ்பத்திரிக்கு வெளியவும் இது இருக்காங்கறதுதான் கேள்வி.

அதைத் தேடத்தான் டிஎன்ஏ புரோப். கோடு எழுதறவங்களுக்கு இது 'கன்ட்ரோல் எஃப்' மாதிரி. டிஎன்ஏ ரெண்டு இழை. சூடாக்கினா பிரிஞ்சுடும். நமக்கு வேண்டிய மரபணுவுக்கு ஜோடியா, ஏ-க்கு டி, ஜி-க்கு சின்னு ஒரு சின்ன இழை செஞ்சு, அதுல ஒரு அடையாளத்தை ஒட்டி விடுவாங்க. ஜோடி இருந்தா போய் ஒட்டிக்கும், சிக்னல் வரும். இல்லேன்னா கழுவினதும் போயிடும். ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாதான் வேணும்னா, அதுக்கு மட்டுமே இருக்கற வரியைத் தேடணும். இங்க தேடினது ஃபைலை இல்ல, ஃபங்ஷனை. அது எந்த ஃபைல்ல வேணா ஒளிஞ்சிருக்கலாம்.

2011-ல வந்த டெல்லி ஆய்வுல, பிசிஆர், புரோப் ரெண்டையும் வச்சுத் தேடினாங்க. தெருவுல தேங்கின தண்ணி 171 மாதிரியில 51-ல மரபணு. குழாய்த் தண்ணி 50-ல 2. ஆனா தேங்கின தண்ணியில அந்த மரபணுவோட உயிரோட வளர்ந்த பாக்டீரியா கிடைச்சது 12 மாதிரியிலதான். இந்த வித்தியாசத்தைக் கவனிங்க. புரோப் செத்த கிருமியோட டிஎன்ஏவையும் காட்டும். லேப் தட்டுல வளராத, ஆனா உயிரோட இருக்கற கிருமியையும் காட்டும். எது எதுன்னு அது சொல்லாது. செய்தியில '51' மட்டும் பார்த்துப் பதறினாலும் தப்பு, '12'-தானேன்னு அசால்ட்டா விட்டாலும் தப்பு.

வளர்ந்ததுல காலரா கிருமியும் இருந்தது. அதுதான் என்னை உறுத்தினது. இந்த மரபணு பிளாஸ்மிட்ங்கற குட்டி வளையத்துல உட்கார்ந்து, ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும். சோதிச்ச வெப்பநிலைகள்ல அதிகமாத் தாவினது, நம்ம உடம்போட 37 டிகிரியில இல்ல, 30-ல. மயிலாப்பூர் தெருக்குழியில தேங்கற தண்ணிக்கு அது சாதாரண நாள்.