பின் பொருந்தினால் போதுமா?

போன மாதம் எங்கள் கார்ட்லெஸ் போனின் சார்ஜர் கெட்டுப்போனது. பரணில் கிடந்த இன்னொன்றின் உருண்டைப் பின் கச்சிதமாக நுழைந்தது, வோல்ட்டும் அதேதான். செருகினேன், போன் போயே போய்விட்டது. பிளஸ், மைனஸ் மாறியிருந்தது! பேங்கில் பற்றும் வரவும் மாறினால் மறுநாள் ரிவர்சல் என்ட்ரி போடலாம். இங்கே அது நடக்காது.

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வளையம், இருபுறமும் பிளஸ், மைனஸ் குறிகள். புள்ளியோடு கோடு சேரும் குறிதான் பின்னின் உள்துளை, மற்றது வெளிப்பக்கம். பல போன்களின் அடியிலும் இதே படம் உண்டு. இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

சார்ஜரில் படம் அழிந்துவிட்டதா? மல்டிமீட்டரை டிசியில் வைத்து, சிவப்பு முனையை உள்துளையிலும் கருப்பை வெளியிலும் தொடுங்கள். எண்ணுக்கு முன் மைனஸ் வந்தால் வெளிப்பக்கம்தான் பிளஸ். மீட்டர் என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.