காற்பந்து அரங்குக்குக் கூட்டம் வருவதும் வராததும்



ஒரு கடைக்கு வாடிக்கைக்காரர்கள் வருவது குறைந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? பொருளில் குறையா, விலையில் குறையா, எதிரே புதிய கடை வந்துவிட்டதா என்று ஆராய்வார். காற்பந்துக் குழுவும் ஒருவகையில் கடை நடத்துகிற குழுதான். அதன் சரக்கு தொண்ணூறு நிமிட ஆட்டம். அதை வாங்க வருகிறவர்கள் இரசிகர்கள். நம் நாட்டின் தொழில்முறைக் காற்பந்து லீக்கில் பல ஆட்டங்களுக்கு அரங்கின் பாதி இருக்கைகூட நிரம்புவதில்லை. ஒரு காலத்தில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, இதை மாற்ற முடியுமா என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

முதலில் சிறிது வரலாறு. 1921ஆம் ஆண்டு ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் கரைக்கு வந்தது. அக்கப்பலார் அன்பளிப்பாகத் தந்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். 1967இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. முதல் ஆண்டின் இறுதியாட்டம் கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அன்று தொடங்கிய போட்டி மனப்பான்மை ஏழு தலைமுறை சொத்தைப்போல் வளர்ந்தது. 1975 முதல் 1981 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஆறு இறுதியாட்டங்கள் இந்த இரு குழுக்களுக்கு இடையில்தான் நடந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஐந்தில் சிலாங்கூரும் ஒன்றில் சிங்கப்பூரும் வென்றன.

அந்த ஆண்டுகளில் ஆட்டங்களின் இதயம் 1957இல் திறக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கம். மொக்தார் டஹாரி பந்தைத் தொட்டால் அரங்கமே எழுந்து நிற்கும். 1975ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவைச் சிலாங்கூர் 2-0 என்று வென்றபோது இரண்டு கோலையும் போட்டவர் அவரே. கோலைக் காத்தவர்களில் நம்மவர் ஆர். ஆறுமுகத்தை மறக்க முடியுமா? கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் பிறந்தவர். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிப்பதைக் கண்டு ‘சிலந்தி மனிதர்’ என்று இரசிகர்கள் பெயர் சூட்டினார்கள். 1988இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது நாடே கலங்கியது.

இங்கே நம் பக்கத்து நிலைமையையும் நினைவில் கொள்ள வேண்டும். பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு என்று இந்தக் கோல லங்காட் மாவட்டம் முழுவதும் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பெரிய தோட்டம் என்றால் கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், ஒரு திடலும் இருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் திடலில் பந்து உருளும். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஆட்டம் நடக்கும். தானே பந்து உதைத்தவனுக்குத்தான் பிறர் உதைப்பதில் உள்ள நுட்பம் புரியும். பெரிய அரங்குக்குப் போன இரசிகர்கள் இப்படிப்பட்ட சின்னத் திடல்களில்தான் உருவானார்கள். இந்தத் தொடர்பை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இனி, கூட்டத்தைக் கணக்கிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சராசரி வருகை’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஒரு குழு தன் ஊரில் ஐந்து ஆட்டங்கள் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பரம எதிரியோடு ஆடிய ஓர் ஆட்டத்துக்கு 20,000 பேர். மற்ற நான்குக்கும் ஆயிரம் ஆயிரம் பேர். மொத்தம் 24,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 4,800. ஆனால் 4,800 பேர் உட்கார்ந்திருந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை! ஆகவே சராசரியை மட்டும் பார்த்து மகிழவோ வருந்தவோ கூடாது. சாதாரண நாளில், சாதாரண எதிரியோடு ஆடும்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே குழுவின் உண்மையான பலம்.

சரி, கூட்டம் ஏன் குறைந்தது? ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. நான்கு காரணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நம்பிக்கை. 1994இல் நம் லீக் முழுத் தொழில்முறை லீக்காக மாறியது. அதே காலத்தில்தான் ஆட்டங்களை விலைபேசும் ஊழலும் வெளிப்பட்டது. 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 58 பேருக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். இரசிகன் தோல்வியைப் பொறுத்துக்கொள்வான். மழையில் நனைவான். ஆனால் முடிவு முன்பே பேசி வைக்கப்பட்டது என்று சந்தேகம் வந்துவிட்டால் அவன் எதற்காகக் காசு கொடுத்து வர வேண்டும்? கோல்காவலர் உண்மையாகவே தவறவிட்ட பந்தைக்கூட அவன் நம்பமாட்டான். உடைந்த நம்பிக்கையை ஒட்டவைக்கப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

இரண்டாவது, பரம எதிரியை இழந்தது. 1994 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் சிங்கப்பூர், பகாங்கை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. பாலம் கடந்து அதன் இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தார்கள். அத்தோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் எழுந்த தகராறால் சிங்கப்பூர் விலகிக்கொண்டது. 2012 முதல் 2015 வரை வேறொரு பெயரில் அதன் குழு திரும்பி வந்து ஆடியது உண்மை. ஆனால் பழைய சூடு முழுவதும் திரும்பவில்லை. விளையாட்டில் எதிரி என்பவர் பாதி முதலாளி. அவர் போனால் நம் வியாபாரமும் குறைகிறது.

மூன்றாவது, தொலைக்காட்சி. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 1992இல் தொடங்கியது. 1996இல் அஸ்ட்ரோ வந்தபின் உலகத்தின் சிறந்த ஆட்டங்கள் நம் வீட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டன. நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே இரவு பத்து அல்லது பதினொன்று. நம் லீக் ஆட்டம் நடக்கும் இரவும் அதே இரவுதான். ஷா ஆலமுக்குப் போய்த் திரும்புவதா, பக்கத்து மாமாக் கடையில் தே தாரேக் வாங்கிக்கொண்டு பெரிய திரையில் பார்ப்பதா? பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நான்காவது, தூரமும் சிதறலும். தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். திடலும் போயிற்று, சேர்ந்து கிளம்பும் கூட்டமும் போயிற்று. பந்திங்கிற்கு இரயில் கிடையாது. சொந்த வாகனம் இல்லாத ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்து எப்படி வீடு திரும்புவார்? டிக்கெட் விலை பெரிய தொகை அல்ல என்று சங்கத்தார் சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் இருவரோடு போகும் குடும்பம் டிக்கெட்டோடு எண்ணெய், சாலைக் கட்டணம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டித்தானே பார்க்கும்?

பொருளாதார அறிஞர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். 1956இல் சைமன் ராட்டன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர், யார் வெல்வார் என்று தெரியாத நிலைதான் கூட்டத்தை இழுக்கிறது என்று எழுதினார். நம் லீக்கில் 2014 முதல் 2024-25 பருவம்வரை ஒவ்வொரு முறையும் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவே வென்றது. அப்படியானால் ஜொகூர் அரங்கு காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. 2020இல் திறக்கப்பட்ட அவர்களது சுல்தான் இப்ராஹிம் அரங்கு நாட்டிலேயே நல்ல கூட்டம் சேரும் இடங்களில் ஒன்று. நல்ல இருக்கை, நல்ல புல்தரை, வெற்றி ஆகியவை தம் ஊர்க்காரர்களை இழுக்கின்றன. நம்பிக்கை தளர்வது மற்ற ஊர்களில்தான். ஆக, ராட்டன்பர்க் சொன்னது பாதி உண்மை. தன் குழு வெல்வதைக் காணவும் இரசிகன் வருவான். ஆனால் வெல்லும் வாய்ப்பே இல்லை என்று தோன்றினால் வரமாட்டான்.

நேயர்களே, இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த வியாதி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தையே பாருங்கள். 1948-49 பருவத்தில் அந்நாட்டு லீக் ஆட்டங்களுக்கு மொத்தம் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1985-86இல் அது ஏறத்தாழ 1 கோடியே 65 இலட்சமாகச் சரிந்தது. அடிதடி, பழுதான அரங்குகள், விபத்துகள் ஆகியவை மக்களை விரட்டின. 1985இல் பிராட்ஃபோர்டு அரங்கில் தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். 1989இல் ஹில்ஸ்பரோ நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் விசாரணை நடந்தது. மேல்நிலைக் குழுக்களின் அரங்குகளில் நிற்கும் இடங்கள் அகற்றப்பட்டு, எல்லாருக்கும் இருக்கை என்ற விதி வந்தது. 1985-86இல் முதல் பிரிவு ஆட்டத்துக்குச் சராசரி 20,000 பேர்கூட வரவில்லை. இன்றைய பிரிமியர் லீக்கில் அது 38,000ஐத் தாண்டிவிட்டது. டிக்கெட் விலை ஏறி ஏழைத் தொழிலாளி வெளியே நிறுத்தப்பட்டார் என்ற குறையும் அங்கே உண்டு. ஆயினும் நமக்கு வேண்டிய பாடம் ஒன்றுதான்: போன கூட்டம் திரும்பி வரும். விதி என்று கைகட்டி உட்கார வேண்டியதில்லை.

நம் மக்களுக்குக் காற்பந்தில் ஆசை போய்விட்டதா? இல்லவே இல்லை. 2018 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் மலேசியாவும் வியட்நாமும் மோதின. புக்கிட் ஜாலில் அரங்கில் 88,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் திருவிழாவுக்கு வருகிறவர்கள். அன்றாடப் பூசைக்கு வருவதில்லை. கோயில் நிலைப்பது அன்றாடப் பூசையால் அல்லவா?

அன்றாடக் கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமாகிய மிஃபாவின் குழு, அடிநிலை லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி வந்தது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடத் தொடங்கியது. பி. மணியம் அதற்குப் பயிற்றுநராக இருந்தார். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்நாட்டு இளைஞர்களை மட்டுமே கொண்டு பெரிய குழுக்களை எதிர்த்து நின்றது. ஆனால் அதன் ஆட்டங்களுக்கு வந்த கூட்டம் மிகச் சிறியது. அந்த ஆண்டு முடிந்ததும் அக்குழு லீக்கிலிருந்து விலகியது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களுக்கும் 2023ஆம் ஆண்டுக்கு உரிமம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு லீக் 14 குழுக்களோடு நடந்தது. கூட்டம் மட்டுமே இவற்றைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாரந்தோறும் டிக்கெட் வாங்கும் பத்தாயிரம் பேரை உடைய குழு, ஒரே ஆதரவாளரின் பணப்பையை நம்பி வாழ வேண்டியதில்லை. விளம்பரம் தருகிற நிறுவனமும் நிரம்பிய இருக்கைகளைத்தான் முதலில் பார்க்கிறது. ஒரு குழு மறைந்தால் அதன் ஆட்டக்காரர்களின் பிழைப்பு மட்டுமா மறைகிறது? நாளைக்கு அந்த உடையை அணியலாம் என்று கனவு கண்ட பிள்ளைகளின் படிக்கட்டும் உடைகிறது.

சிலாங்கூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொரு கேள்வியும் காத்திருக்கிறது. 1994இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கில் 80,000 பேர் அமரலாம். பத்தாயிரம் பேர் வந்தாலும் அது வெறிச்சோடித்தான் தோன்றும். பராமரிப்பு குன்றி, 2020இல் அது மூடப்பட்டது. 2024இல் இடிக்கும் பணி தொடங்கியது. சிலாங்கூர் குழு கிளானா ஜெயாவில் உள்ள 25,000 இருக்கை அரங்கில் ஆடத் தொடங்கியது. அதே பத்தாயிரம் பேர் அங்கே இருந்தால் ஆரவாரம் காதைப் பிளக்கும்! ஷா ஆலத்தில் பழையதைவிடச் சிறிய அரங்கு கட்டத் திட்டமிட்டிருப்பது நல்லதே. ஆனால் கட்டடம் மட்டும் கூட்டத்தைச் சேர்க்காது. ஆட்டம் முடிந்தபின் கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் பேருந்து உண்டா, குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் உண்டா, கால அட்டவணை கடைசி நேரத்தில் மாறாமல் இருக்குமா என்று சங்கத்தாரிடம் இப்போதே கேட்பது நம் உரிமை.

நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. சின்னத் திடலில்தான் இரசிகன் உருவாகிறான் என்று பார்த்தோம் அல்லவா? பந்திங்கின் கம்போங் கஞ்சோங் டாராட்டில் பிறந்த சிடேக் சகோதரர்கள் பூப்பந்தில் உலகப் புகழ் பெற்றார்கள். 1992இல் ரசிஃபும் ஜலானியும் பார்சலோனாவில் வென்றதே நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். கிராமத்தில் ஊன்றிய விதை அது. காற்பந்துக்கும் அப்படியே. நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் மாலை நேரத்தில் பந்து உருளட்டும். பழைய தோட்ட நண்பர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட்டார ஆட்டங்களுக்குப் போகட்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, கிண்ண இறுதிக்கு அல்ல, சாதாரண லீக் ஆட்டம் ஒன்றுக்குப் போய்வரட்டும்.

வெளியூர்க் குழுவின் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மான்செஸ்டர் நம் கைதட்டலைக் கேட்காது. கிளானா ஜெயாவில் ஓடும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது கேட்கும்.